ஒரு சொல்லின் ஓட்டம்

ஆங்கிலம் கற்கப் புகும் மாணவர் முதலாண்டிலேயே அறிந்துகொள்ளும் சொற்களுள் ‘ரன்’ என்பது ஒன்று. ஆங்கில நெடுங்கணக்கின் மூன்றே எழுத்துகளால் ஆகிய சிறு சொல் அது. ‘ஓடு’ என்பது அதன் பொருள் என்று ஆசிரியர் கற்பிப்பார். மாணவரும் அதனை ஏட்டில் எழுதிக்கொண்டு, அச்சொல்லை முற்றும் அறிந்துவிட்டதாகக் கருதி அமைவர்.

சின்னாள் கழித்து ஓர் ஆங்கிலக் கதையைத் தமிழில் பெயர்க்கப் புகும்போது இடர்ப்பாடு தோன்றும். சளி பிடித்த குழந்தையின் மூக்கைப் பற்றிய தொடரில் அச்சொல் வரும். ‘குழந்தையின் மூக்கு ஓடுகிறது’ என்று மாணவர் எழுதுவர், வகுப்பு நகைக்கும். ஒருவர் கடை நடத்துகிறார் என்னும் இடத்திலும் அதே சொல் வரும். ‘கடையோடு ஓடுகிறார்’ என்று ஒருவர் எழுதினால், கடைக்காரர் கள்வராகிவிடுவார். வீட்டில் உப்புத் தீர்ந்துவிட்டது என்பதனை ‘ரன் அவுட்’ என்னும் தொடரால் ஆங்கிலேயர் கூறுவர். ‘உப்பு வெளியே ஓடிற்று’ என்று பெயர்த்தால், உப்புக்குக் கால் முளைத்துவிடும்.

இத்தகைய பிழைகள் நகைப்போடு நின்றுவிடும் என்று கருதுதல் கூடாது. ஒரு மருத்துவ விடுதியிலிருந்து, ‘மருந்து தீர்ந்துகொண்டிருக்கிறது’ என்னும் செய்தி இச்சொல்லைக் கொண்டு ஆங்கிலத்தில் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அதனைப் படிப்பவர் சொல்லின் பொருளை மயங்க உணர்ந்தால், உரிய காலத்தில் மருந்து சென்று சேராது; நோயாளர் துன்புறுவர். சொற்பொருள் மயக்கம் உயிர்ப்பொருளாகவும் முடியும் என்பது இதனால் விளங்கும்.

சொல்லின் பிறப்பு

‘ரன்’ என்பது இரவல் பெற்ற சொல் அன்று. ஆங்கில மொழியின் தொன்மையான வேரிலிருந்து கிளைத்தது. ஆங்கிலத்திற்கு உறவுமொழியாகிய செருமன் மொழியில் இவ்வேரின் கிளைகளாக இன்றும் இரண்டு சொற்கள் உள்ளன. ‘ரென்னன்’ என்பது விரைந்து ஓடுதலைக் குறிக்கும். ‘ரின்னன்’ என்பது நீர் ஒழுகுதலைக் குறிக்கும். செருமானியர் இரண்டு சொற்களாக வைத்துக்கொண்டவற்றை ஆங்கிலேயர் ஒரு சொல்லிலேயே அடக்கிக்கொண்டனர். கால் கொண்டு ஓடுவதும் ‘ரன்’; கால் இன்றி நீர் ஓடுவதும் ‘ரன்’.

மற்றோர் இணைப்பும் நிகழ்ந்தது. தமிழில் ‘ஓடு’ என்பது தன்வினை. ‘ஓட்டு’ என்பது பிறவினை. ‘குதிரை ஓடியது’, ‘வீரன் குதிரையை ஓட்டினான்’ என்னும் தொடர்களில் சொல்லின் வடிவே வேறுபாட்டைக் காட்டிவிடுகிறது. பழைய ஆங்கிலத்திலும் இவ்விரண்டிற்கும் வேறுவேறு வடிவங்கள் இருந்தன. நாளடைவில் அவை ஒன்றோடொன்று கலந்து ஒரே வடிவம் ஆயின. ஆதலின், தானே ஓடுவதையும் பிறிதொன்றை ஓடச் செய்வதையும் ‘ரன்’ என்னும் ஒரே சொல் இன்று சுமக்கிறது. எந்திரம் ஓடுவதும் அதுவே. எந்திரத்தை ஓட்டுவதும் அதுவே. எந்திரத்தை ஓட்டுபவர் அதனைத் தம் ஆளுகையில் வைத்திருக்கிறார் அன்றோ? அதிலிருந்தே கடையை நடத்துதல், பள்ளியை நடத்துதல், நாட்டை நிருவகித்தல் ஆகிய பொருள்களும் இச்சொல்லுக்கு அமைந்தன.

பொருள் விரிந்த வழி

ஒரு சொல்லின் பொருள்கள் மழையில் முளைக்கும் காளான்போல் தொடர்பின்றித் தோன்றுவதில்லை. ஒரு பொருளிலிருந்து மற்றொன்று, அதிலிருந்து வேறொன்று எனக் கொடிபோல் படர்கின்றன. கொடியின் எந்த நுனியைப் பற்றிச் சென்றாலும் இறுதியில் வேரை அடையலாம்.

ஆறு இடையறாது செல்வது ஓட்டம். ஆற்றைப் போலவே நீண்டு செல்லும் சாலையும், மலைத்தொடரும், சுவரில் கண்ட விரிசலும் ஆங்கிலத்தில் ‘ரன்’ என்னும் சொல்லைப் பெறும். சாலை ஓரிடத்தே கிடப்பது; அசைவதில்லை. அதன்மேல் ஓடுவது காண்பவரின் கண்ணே. தமிழிலும் ‘சுவரில் விரிசல் ஓடியிருக்கிறது’ என்றும், ‘சாலை ஊரைச் சுற்றிச் செல்கிறது’ என்றும் கூறுவது இம்முறை பற்றியேயாம்.

ஆறுபோல் இடையறாது செல்வது காலமும் ஆகும். ஆகவே தொடர்ந்து நிகழ்வதும் ஓட்டமாயிற்று. ஒரு நாடகம் பல நாள் தொடர்ந்து நடிக்கப்பெற்றால் அது நீண்ட ‘ரன்’ பெற்றது என்பர். அகதா கிறித்தி இயற்றிய ‘தி மௌசுட்ராப்’ என்னும் நாடகம் 1952ஆம் ஆண்டு இலண்டனில் அரங்கேறியது. பெருந்தொற்றுக் காரணமாக 2020ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் அது நின்றது. 2021ஆம் ஆண்டு மே திங்களில் மீண்டும் தொடங்கியது. இடையே அத்தகைய நீண்ட நிறுத்தம் அதற்கு நேர்ந்ததில்லை. தமிழ்நாட்டிலும் ‘திரைப்படம் நூறு நாள் ஓடிற்று’ என்று மக்கள் கூறுகின்றனர். இரு நாட்டாரும் ஒருவரையொருவர் கேளாமலே ஒரே உவமையைக் கண்டுகொண்டனர் போலும்!

எந்திரங்கள் பெருகிய காலத்தில் இச்சொல் புதிய பொருள்கள் பலவற்றைப் பெற்றது. நீராவி எந்திரம், நெசவாலை, புகைவண்டி, மோட்டார் வண்டி ஆகிய அனைத்தும் ‘ரன்’ என்னும் சொல்லை ஏற்றன. கணிப்பொறி தோன்றியபோது, அதில் ஒரு நிரலை இயக்குதலும் அச்சொல்லாலேயே குறிக்கப்பெற்றது. புதிய பொருளுக்குப் புதிய சொல்லைத் தேடி அலையாமல், கையில் இருந்த பழைய சொல்லையே மக்கள் எடுத்து ஆண்டனர். பழகிய கருவியே கைக்கு எளிது.

ஓடாத ஓட்டங்கள்

இச்சொல்லின் வழக்குகளுள் சில வியப்பிற்கு உரியவை. ஓட்டமே இல்லாத இடத்தும் ஓட்டம் என்னும் பெயர் அங்கே நிற்கும்.

கிரிக்கெட்டு ஆட்டத்தை அறியாத மாணவர் இலர். மட்டையாளர் பந்தை அடித்துவிட்டு, எதிர்முனைக்கு ஓடிச் சேர்ந்தால் ஒரு ‘ரன்’ கணக்கிடப்பெறும். ஓடியதனால் பெற்ற எண்ணிக்கைக்கு ஓட்டம் என்னும் பெயர் வந்தது. முற்காலத்தில் கணக்கர் ஒரு கோலில் வெட்டு வெட்டிக் குறித்தமையால், ‘வெட்டு’ எனப் பொருள்படும் சொல்லாலும் அதனை வழங்கினர். பின்னர் ‘ரன்’ என்பதே நிலைத்தது. ஆயின், பந்து தரையில் படாமல் எல்லைக்கோட்டைத் தாண்டி வீழ்ந்தால் மட்டையாளர் ஓரடியும் ஓடாமலே ஆறு ஓட்டம் பெறுகிறார். செயல் நீங்கிய பின்னும் பெயர் நீங்கவில்லை. இலங்கைத் தமிழ் இதழ்கள் இதனை ‘ஓட்டம்’ என்றே மொழிபெயர்த்து எழுதுகின்றன. தமிழ்நாட்டு இதழ்களில் ‘ரன்’ என்னும் சொல்லே பெரிதும் பயில்கிறது.

தேர்தலில் போட்டியிடுவோரைப் பற்றிய வழக்கும் இத்தகையது. அமெரிக்க நாட்டில் ஒருவர் பதவிக்குப் போட்டியிட்டால் அவர் ‘ரன்’ செய்வதாகக் கூறுவர். அதாவது, அவர் ஓடுகிறார். இங்கிலாந்தில் அவ்வாறு போட்டியிடுபவரை ‘நிற்கிறார்’ என்று கூறுவதே மரபு. தமிழரும் ‘அவர் இத்தேர்தலில் நிற்கிறார்’ என்கின்றனர். ஒரே செயல், ஒரு நாட்டில் அது ஓட்டம், மற்றொரு நாட்டில் நிலை! ஒரே ஆங்கிலத்தைப் பேசும் இரு நாட்டாரிடையேயும் வழக்கு வேறுபடும் என்பதற்கு இது தக்க சான்று.

இவை யாவற்றினும் கருதத்தக்கது வங்கியைப் பற்றிய வழக்காகும். ஒரு வங்கி நலிவுற்றது என்னும் செய்தி பரவியதும், பணம் இட்டோர் அனைவரும் ஒரே நேரத்தில் அதனைத் திரும்பப் பெற முயல்வர். இதனையும் ஆங்கிலேயர் ‘ரன்’ என்பர். 2007ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் இங்கிலாந்தில் நார்தர்ன் ராக் என்னும் வங்கிக்கு இந்நிலை நேர்ந்தது. அவ்வங்கி இங்கிலாந்தின் மைய வங்கியிடம் அவசர உதவி நாடிய செய்தி வெளியானதும், மக்கள் அதன் கிளைகளின் வாயிலில் நீண்ட வரிசையில் நின்றனர். தெருவில் ஓடியவர் எவரும் இலர். அனைவரும் மணிக்கணக்காக ஓரிடத்தே நின்றனர். எனினும் அதற்குப் பெயர் ஓட்டம். உண்மையில் ஓடியது மக்களின் அச்சமே. இட்ட பணத்திற்கு அரசே பொறுப்பு என்னும் உறுதிமொழி கிடைத்த பின்னரே வரிசைகள் கலைந்தன. 2008ஆம் ஆண்டில் அவ்வங்கி அரசுடைமை ஆக்கப்பெற்றது.

துணைச்சொல் சேருங்கால் பொருள் மேலும் மாறும். ‘அவுட்’ சேர்ந்தால் தீர்ந்துபோதல். கிரிக்கெட்டிலோ ஓடும்போது ஆட்டமிழத்தல். ‘இன்டு’ சேர்ந்தால் எதிர்பாராது சந்தித்தல் அல்லது மோதுதல். ‘ஓவர்’ சேர்ந்தால் வண்டி ஒருவர்மேல் ஏறுதல். சில இடங்களில் ஒரு முறை விரைந்து பார்த்தல். ‘டௌன்’ சேர்ந்தால் ஒருவரை இழித்துரைத்தல். சொல் ஒன்றே, சேர்க்கையால் குணம் வேறாகிறது.

பொருள்களை எண்ணியவர்கள்

இத்துணைப் பொருள்களையும் எண்ணி வரிசைப்படுத்துதல் எளிய பணி அன்று. 1755ஆம் ஆண்டில் தம் பேரகராதியை வெளியிட்ட சாமுவேல் சான்சன், அதன் முன்னுரையில் இத்தகைய சொற்களைப் பற்றி வருந்தி எழுதியுள்ளார். அரிய சொற்கள் அவரை அத்துணை வருத்தவில்லை. ‘கம்’, ‘கோ’, ‘கெட்’, ‘செட்’, ‘ரன்’, ‘மேக்’, ‘டேக்’ முதலிய எளிய வினைச்சொற்களே அவர்க்குப் பெருந்தொல்லை தந்தன. அடிக்கடி வழங்கும் சொற்களின் பொருள் எல்லையின்றி நெகிழ்ந்து செல்வதை அவர் கண்டார்.

அவர்க்குப்பின் ஒரு நூற்றாண்டு கழித்து, 1857ஆம் ஆண்டில், இலண்டன் மொழிநூற் கழகத்தார் புதியதோர் அகராதிக்கு வித்திட்டனர். 1879ஆம் ஆண்டில் சேம்சு மரே என்பார் அதன் பதிப்பாசிரியர் ஆனார். அவர் பள்ளி ஆசிரியராய் இருந்தவர். தம் இல்லத்துத் தோட்டத்தில் இரும்புத் தகட்டால் ஒரு கொட்டகை அமைத்து, அதன் உள்ளே சிறு சிறு அறைகளாகப் பகுத்த பலகைத் தட்டுகளை நிறுவினார். நாடெங்கும் உள்ள ஆர்வலர்கள் நூல்களைப் படித்து, ஒவ்வொரு சொல்லும் வந்துள்ள தொடரைச் சிறு தாள்களில் எழுதி அவர்க்கு அனுப்பினர். பல இலட்சம் தாள்கள் வந்து குவிந்தன. ஒரு சொல்லுக்குரிய தாள்களை எல்லாம் பரப்பிவைத்து, எவ்வெத் தொடரில் பொருள் ஒத்துள்ளது, எங்கே வேறுபட்டுள்ளது என்று நோக்கிப் பிரித்தனர். ‘இச்சொல்லுக்கு இதுவே பொருள்’ என்று அகராதியார் விதிக்கவில்லை. மக்கள் ஆண்ட வழியைக் கண்டு எழுதினர்.

1884ஆம் ஆண்டில் அதன் முதற்பகுதி வெளிவந்தது. 1928ஆம் ஆண்டில்தான் நூல் நிறைவெய்தியது. 1915ஆம் ஆண்டில் மறைந்த மரே அந்நிறைவைக் காணவில்லை. அதுவே இன்று ஆக்சுபோர்டு ஆங்கில அகராதி என வழங்குவது. 1989ஆம் ஆண்டில் வெளிவந்த அதன் இரண்டாம் பதிப்பில் ‘செட்’ என்னும் சொல் ஏறத்தாழ 430 பொருள்களோடு முதலிடம் பெற்றிருந்தது. மூன்றாம் பதிப்பிற்காகச் சொற்களைத் திருத்தத் தொடங்கியபின், 2000ஆம் ஆண்டில் ‘மேக்’ என்பதும், 2007ஆம் ஆண்டில் ‘புட்’ என்பதும் அதனை விஞ்சின. 2011ஆம் ஆண்டில் ‘ரன்’ அவற்றையும் விஞ்சியது. வினைச்சொல்லாக மட்டும் அதற்கு 645 பொருள்கள் கணக்கிடப்பெற்றன. அவ்வொரு சொல்லை ஆராய்ந்து முடிக்கப் பீட்டர் கில்லிவர் என்னும் அகராதி அறிஞர்க்கு ஒன்பது திங்கள் பிடித்தன.

தமிழ்நூலார் கண்ட நெறி

இவற்றைக் கேட்டு வியக்கும் தமிழ் மாணவர் தம் மொழியையும் ஒருகால் நோக்குதல் வேண்டும். குழந்தை ஓடுகிறது, ஆறு ஓடுகிறது, வண்டி ஓடுகிறது, கடிகாரம் ஓடுகிறது, காலம் ஓடுகிறது. துன்பமுற்றவர்க்கு ‘ஒன்றும் ஓடவில்லை’. இவை யாவும் ஒரு வேரின் கிளைகள். கூரைமேல் வேய்ந்த ஓடும், ஆமையின் முதுகிலுள்ள ஓடும், ‘அவனோடு’ என்பதில் வரும் ஓடும் அவ்வாறல்ல. அவை ஒலியால் ஒத்து நிற்கும் வேறு சொற்கள். ஒரு சொல் பல பொருள் பெறுவதும், பல சொற்கள் ஒரே வடிவாய்த் தோன்றுவதும் வேறு வேறு என்பதனை மனத்திற் கொள்ளல் வேண்டும்.

பல பொருள் தரும் சொற்களைத் தொகுத்துரைப்பது தமிழ்நாட்டிற்குப் புதிதன்று. திவாகரம், சூடாமணி முதலிய நிகண்டுகளின் பதினோராம் தொகுதி இதற்கெனவே அமைந்தது. திண்ணைப் பள்ளியில் பயின்ற சிறுவர் அத்தொகுதியை மனப்பாடம் செய்தனர். 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்த சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி, சொற்பொருள்களை எண்ணிட்டு நிரலாகக் காட்டிற்று.

பொருள்களைத் தொகுத்தால் மட்டும் போதுமா? பலவற்றுள் இவ்விடத்திற்கு உரியது எது எனத் தெளிவது எவ்வாறு? இவ்வினாவிற்குத் தொல்காப்பியர் சொல்லதிகாரத்தில் விடை கூறியுள்ளார். பல பொருள் ஒருசொல்லின் பொருளை, அதனோடு வரும் வினையாலும், அதற்கு இனமாகிய சொல்லாலும், அது தோன்றும் சார்பாலும் துணியலாம் என்பது அவர் கண்ட நெறி. ‘மா’ என்னும் சொல்லை உரையாசிரியர் எடுத்துக்காட்டுவர். ‘மாப் பூத்தது’ என்றால், பூத்தல் என்னும் வினையால் அது மரம் எனத் தெளிகிறோம். ‘மாவும் மருதும் ஓங்கின’ என்றால், மருதம் என்னும் இனத்தால் அதுவும் மரமே எனத் தெளிகிறோம். கவசம் அணிந்து நிற்கும் வீரன் ‘மாவைக் கொண்டுவருக’ என்றால், அச்சார்பினால் அது குதிரை எனத் தெளிகிறோம்.

இந்நெறி ஆங்கிலச் சொல்லுக்கும் பொருந்துவதாகும். ‘மா’ பெயர்ச்சொல் ஆதலின் வினை அதன் பொருளைக் காட்டிற்று. ‘ரன்’ வினையாக வரும்போது, அதனோடு வரும் பெயர் அதன் பொருளைக் காட்டும். மூக்கு என்றால் ஒழுகுதல். பள்ளி என்றால் நடத்துதல். மருந்து என்றால் தீர்தல். பந்தும் மட்டையும் இனமாக வந்தால் அது ஆட்டத்தின் கணக்கு. வங்கி வாயிலில் கலங்கி நிற்கும் மக்களைப் பற்றிய செய்தியாயின், அச்சார்பே பொருளைக் கூறிவிடும். இருபதாம் நூற்றாண்டில் பர்த் என்னும் ஆங்கில மொழியறிஞரும், ஒரு சொல்லை அதன் உடன்வரும் சொற்களைக் கொண்டே அறிதல் வேண்டும் என்று 1957ஆம் ஆண்டில் எழுதினார். இன்று மொழிபெயர்க்கும் கணிப்பொறிகளும் அண்டையிலுள்ள சொற்களை நோக்கியே பொருளைத் துணிகின்றன.

ஆதலின், ஒரு சொல்லுக்கு ஒரு பொருளே உண்டு என்று எண்ணி ஏட்டை மூடிவிடுதல் கற்போர்க்கு அழகன்று. அறியாத அருஞ்சொல்லைக் கண்டால் எவரும் அகராதியைப் புரட்டுவர். அறிந்ததாக எண்ணும் எளிய சொல்லே ஏமாற்ற வல்லது. அச்சொல் வரும்போது சற்றே நின்று, அதன் முன்னும் பின்னும் நோக்கி, அத்தொடருக்கு இயைந்த பொருளைக் கொள்ளுதல் வேண்டும். சொல் ஓடலாம்; படிப்பவர் ஓடலாகாது.

பயிற்சி

1. ‘ரன்’ என்னும் சொல் தன்வினையாகவும் பிறவினையாகவும் வழங்குவதன் காரணம் யாது? தமிழில் இவ்வேறுபாடு எவ்வாறு காட்டப்பெறுகிறது?
2. ஓட்டமே இல்லாத இடத்தும் ‘ரன்’ என்னும் சொல் வழங்குவதற்கு இரண்டு எடுத்துக்காட்டுகள் தருக.
3. சேம்சு மரே அகராதிக்குச் சொற்பொருள் திரட்டிய முறையை விளக்குக.
4. பல பொருள் ஒருசொல்லின் பொருளைத் துணியத் தொல்காப்பியர் கூறும் மூன்று வழிகள் யாவை? ‘படி’ என்னும் சொல்லைக் கொண்டு அவற்றை விளக்குக.
5. ‘பிடி’, ‘அடி’, ‘விடு’ ஆகிய வினைச்சொற்களுள் ஒன்றைத் தேர்ந்து, அது வெவ்வேறு பொருளில் வரும் பத்துத் தொடர்களை எழுதுக.